தென்னை காய்க்க ஆறேழு வருஷம், ஒப்பந்தம் பதினொரு மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் நாளிதழ்களின் உள்பக்கத்தில் ஒரு சின்ன விளம்பரம் வரும். பேரிடர் மேலாண்மைப் பணிக்கு ஒப்பந்த அடிப்படையில் ஆட்கள் தேவை, தொகுப்பூதியம், பதினொரு மாதம், பணி நிரந்தரம் கோர இயலாது. அந்தக் கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். இப்படிப்பட்ட விளம்பரங்களுக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டே நாற்பது வயதைத் தாண்டியவள் நான். சொந்த ஊர் வேதாரண்யம் வட்டத்தில் ஒரு கிராமம். பார்த்த வேலையெல்லாம் பேரிடர் வேலை. ஒன்றுகூட என் பெயருக்கு எதிரே நிலையாக எழுதப்பட்டதில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது டிகிரி முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன நேரம். கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கத் தெரிந்தவர்கள் உடனே வேண்டும் என்று கூப்பிட்டார்கள். தற்காலிகக் குடியிருப்புகளின் பட்டியல் அடிக்கத்தான் முதலில் உட்கார்ந்தேன். அப்புறம் நிரந்தர வீடுகள் வந்தன. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே தள்ளி வர ஒப்புக்கொண்டால் அரசு செலவில் வீடு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் என்று 2005 மார்ச்சில் அரசாணை போட்டார்கள். யார் மனைவி, யார் இறந்தார், யார் மறுமணம் செய்துகொண்டார், அனாதையான பிள்ளைக்கு எந்தச் சித்தப்பா காப்பாளர் என்பதையெல்லாம் ஒரு கட்டத்துக்குள் அடைப்பது எப்படி என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். திட்டம் முடிந்தது, எங்களையும் முடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு 2011 கடைசியில் வந்த தானே புயலுக்காகக் கடலூர்ப் பக்கம் கொஞ்ச காலம், கடலோரத் திட்டம் ஒன்றில் கொஞ்ச காலம், நடுவில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வேலை. அதையெல்லாம் விரிக்கவில்லை. நான் சொல்ல வந்தது கஜா புயலுக்குப் பிறகு பார்த்த வேலையைப் பற்றி. அலுவலகம் எது, எங்களை ஒப்பந்தத்தில் எடுத்துக் கொடுத்த ஏஜென்சி எது என்று எழுதப்போவதில்லை. எங்கேயும் இதே நடைமுறைதான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறியபோது 1077 என்ற பேரிடர் உதவி எண்ணுக்கு வரும் போனை எடுக்கும் ஷிப்டில் இருந்தேன். நள்ளிரவு வரை போன் ஓயவில்லை. கூரை ஆடுது, மரம் சாஞ்சிருச்சு, ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று வரிசையாக வந்தபடி இருந்தன. ஒரு மணிக்கு மேல் வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு அழைப்பும் இல்லை. நாங்கள் கொஞ்சம் ஆசுவாசமானோம். கூட இருந்த அண்ணன் ஒருவர் மட்டும் ஆகவில்லை. "சத்தம் நின்ன இடத்துலதாம்மா அடி. டவர் போயிருச்சு. ஜேசிபியை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க" என்று உள்ளே போய் அதிகாரிகளிடம் சொன்னார். அப்படியேதான் இருந்தது. விடிந்து பார்த்தால் ரோட்டை மறித்து மரம், மின்கம்பம், தகரம். எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போனது எனக்கே மறுநாள் சாயங்காலம்தான் தெரியும். அந்த அண்ணன் தானே புயல் சமயத்தில் இதே மாதிரி ஒரு கட்டுப்பாட்டு அறையில் இருந்து பழகியவர். அவரும் ஒப்பந்த ஆள்தான். அடுத்த வருஷம் அவருக்குப் பணி நீட்டிப்பு வரவில்லை. இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

புயலடித்து ஒரு மாதத்துக்குள் டி.வி. கேமராக்கள் போய்விடும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 என்று அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு. கேட்க நேராகத்தான் இருக்கும். தோப்புக்குள் போனால் பட்டா தாத்தா பெயரில் இருக்கும், தாத்தா செத்து முப்பது வருஷம் ஆகியிருக்கும். மூன்று மகன்களில் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் திருப்பூரில், ஊரில் இருப்பவர் மட்டும் மனுவோடு நிற்பார். சிட்டாவில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து. பயிர் விவரம் எழுதும் அடங்கலில் தென்னை என்றே ஏறியிருக்காது. குத்தகைக்கு எடுத்து உரம் போட்டவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

இதையெல்லாம் தாண்டிப் பணம் போட்டாலும் ஒரு பகுதி திரும்பி வரும். நாங்கள் அதை ரிட்டர்ன் லிஸ்ட் என்போம். கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தப்பு, கணக்கு ரொம்ப நாள் இயக்கப்படாதது, ஐஎஃப்எஸ்சி பொருந்தவில்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு வரிக் காரணம்தான் இருக்கும், அதுவும் வங்கி பாஷையில். அந்த வரியை மனுஷராக்குவதுதான் என் வேலை. போன் போட்டு, விஏஓவிடம் கேட்டு, பாஸ்புக் ஜெராக்ஸ் வாங்கி, திருத்தி, மறுபடி ஏற்ற வேண்டும்.

ஒரு கிராமத்தில் ஒரே பெயர், ஒரே இனிஷியல் கொண்ட இரண்டு பெரியவர்கள். ஒருவருக்கு இரண்டு தடவை பணம், இன்னொருவருக்குச் சுத்தமாக இல்லை. கிடைக்காதவர் திங்கட்கிழமை மனுநாள் தவறாமல் வந்துவிடுவார். "ஏம் பாப்பா, அவன் மரம் விழுந்ததுக்கும் அவனுக்கே, எம்மரம் விழுந்ததுக்கும் அவனுக்கேவா?" என்பார். சிரிக்கவும் முடியாது. இரண்டு பேருக்கும் அப்பா பெயர் வேறு, சர்வே எண் வேறு. அதை ஒப்பிட்டுக் காட்டி, வாங்கியவரைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொள்ள வைக்க ஊர்ப் பெரியவர்கள், வருவாய் ஆய்வாளர், வங்கி என்று அலைந்து கோப்பு ஒரு மாதிரி நகர ஆரம்பித்திருந்தது. மார்ச் 31 வந்துவிட்டது.

மார்ச் 31 எங்களைப் போன்றவர்களுக்கு என்ன என்பது இந்த வேலையில் இருந்தவர்களுக்குத்தான் புரியும். நிதியாண்டு முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். நீட்டிப்பு ஆர்டர் வரும் என்பார்கள். ஏப்ரல் முழுக்க வேலைக்குப் போவோம், ஆர்டர் இருக்காது, சம்பளமும் இருக்காது. மே மாதம் முன்தேதியிட்டு ஒரு ஆர்டர் வரும். சர்வீஸ் தொடர்ச்சியாகக் கணக்காகிவிடக் கூடாதென்று நடுவில் ஒருநாள் பிரேக் விட்டிருப்பார்கள். அந்த ஒருநாளும் நாங்கள் வேலைதான் பார்த்திருப்போம். சில வருஷம் ஆர்டரே வராது. அந்த வருஷம் அப்படித்தான் ஆனது.

லேப்டாப் ஏஜென்சியுடையது, வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அதில் நான் வைத்திருந்த எக்செல் கோப்பு ஒன்று இருந்தது. அரசு படிவத்தில் இடமில்லாத விவரங்கள் எல்லாம் அதில்தான்: எந்த சர்வே எண்ணின் உரிமையாளர் இறந்துவிட்டார், வாரிசு யார், யாருடைய போன் எண் எடுக்கும், எந்தப் பெரியவருக்குக் காது கேட்காது, மருமகளிடம்தான் பேச வேண்டும். பென்டிரைவில் போட்டு ஒப்படைக்கிறேன் என்றேன். யாரிடம் ஒப்படைப்பது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பிரிவுக்கு நிரந்தர ஊழியர் என்று ஒருவரும் இல்லை. பொறுப்பில் இருந்த அதிகாரிக்கு வேறு மூன்று சீட்டுகளும் சேர்த்துப் பொறுப்பு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். விஏஓக்களையும் சொல்ல மாட்டேன். பயிர்ச் சேதம், சாதிச் சான்று, தேர்தல், முதியோர் உதவித்தொகை என்று அவர்கள் தலையில் இருப்பது போதும். லேப்டாப்பை ஃபார்மட் செய்து வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

ஆனால் போன் எண் என்னுடையது. அது இன்னும் அடிக்கிறது. "பாப்பா, நீ இருக்கியா அங்க?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் நம்புவதில்லை. நடுவில் வங்கிகள் வேறு இணைந்து, சிண்டிகேட் வங்கி கனரா வங்கியாகி, பழைய ஐஎஃப்எஸ்சி எண்கள் செல்லாமல் போயின. அதற்கும் என்னைத்தான் கேட்டார்கள். தெரிந்ததைச் சொல்வேன். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதும் சொல்லியிருக்கிறேன். இதற்கு ஊதியம் கிடையாது. கேட்கவும் தோன்றியதில்லை. ஆனால் என் இடத்தில் உட்கார்ந்து இதைச் சொல்ல அரசாங்கத்தில் ஒரு நாற்காலி இருந்திருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றும்.

விழுந்த மரத்துக்குப் பதிலாக 2019இல் கன்று வைத்தவர்கள் வீட்டில் நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். இப்போதுதான் சில தோப்புகளில் பாளை விடுகிறது. அத்தனை வருஷமும் அந்தக் குடும்பம் புயலிலிருந்து மீண்டுகொண்டுதான் இருந்தது. இடையில் ஊடுபயிர், கூட்டுறவுக் கடன், மகளிர் குழுக் கடன், மகன் வெளியூர் போனது எல்லாம் நடந்தாயிற்று. நிவாரணம் கொடுப்பதோடு கஜா முடிந்தது என்று கோப்பை மூடினால் அது கோப்புக்கு மட்டும்தான் முடிந்தது. சுனாமி வீடுகளிலும் இதேதான். வீட்டுச் சாவி கொடுத்த அன்று போட்டோ எடுத்தார்கள். பத்து வருஷம் கழித்து மேல்தளக் கம்பி துருப்பிடித்து காரை உதிரும்போதும், கணவன் மனைவி இருவரும் இறந்தபின் வீடு யார் பெயருக்கு மாற வேண்டும் என்று சண்டை வரும்போதும், முதலில் பட்டியல் போட்டவர்களில் ஒருவர்கூட அந்த அலுவலகத்தில் கிடையாது.

தற்காலிக வேலைக்குத் தற்காலிக ஆள்தான் வைக்க முடியும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். பாதி சரிதான். புயல் அடித்த முதல் மூன்று மாதத்துக்கு நூற்றுக்கணக்கான கைகள் தேவை, அப்புறம் தேவையில்லை. அத்தனை பேரையும் நிரந்தரமாக்கு என்று கேட்பது நியாயமாகாது. எங்களிலும் சிபாரிசில் வந்து, கிராமக் கணக்கு எது புல எண் எது என்று தெரியாமலே பதினொரு மாதத்தை ஓட்டியவர்கள் உண்டு. மறைப்பானேன்.

மீதிப் பாதிதான் எனக்கு விளங்கவில்லை. 2011 தானே, 2015 சென்னை வெள்ளம், 2017 ஒக்கி, 2018 கஜா, 2020இல் நிவரும் புரெவியும், 2023 டிசம்பரில் மிக்ஜாம், அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை, 2024 ஃபெஞ்சல், 2025 நவம்பர் கடைசியில் இலங்கையைச் சின்னாபின்னமாக்கிவிட்டு நம் கரையோரம் வந்த டிட்வா. இதில் எது தற்காலிகம்? மாநிலம் முழுக்க நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் மழைக்காலத்தில் பாதிக்கப்படக்கூடியவை என்று அரசே பட்டியல் வைத்திருக்கிறது. பட்டியல் நிரந்தரம், பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் ஆள் மட்டும் தினக்கூலி மாதிரி.

பணமில்லை என்பதையும் முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2021 முதல் 2026 வரைக்கான 15ஆவது நிதிக்குழு, மாநிலங்களின் பேரிடர் நிதியை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று தெளிவாகவே சொன்னது. 20 சதவீதம் பாதிப்பைத் தணிக்கும் பணிகளுக்கு. மீதி 80இல் உடனடி நிவாரணத்துக்கு 40, மீட்சிக்கும் மறுகட்டுமானத்துக்கும் 30, ஆயத்தத்துக்கும் திறன் வளர்ப்புக்கும் 10. முன்பெல்லாம் நிவாரணம் என்ற ஒரே தலைப்புதான் இருந்தது. மீட்சிக்கு என்று தனியாக 30 ஒதுக்கிய பிறகும், மீட்சியைப் பார்க்கும் ஆட்களை நிவாரணக் கணக்கில் வருவதும் போவதுமாக வைத்திருப்பது ஏன்? ஆயத்தம் என்று ஆண்டுதோறும் மணல் மூட்டையும் ஜெனரேட்டரும் கணக்கெடுக்கிறோம். அவசியம்தான். போன மாதம்வரை இந்த வேலையைப் பார்த்த ஒருவரைத் தக்கவைப்பதும் ஆயத்தத்தில் சேரும் என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

நம்மைப் போலவே புயல் கரையில் இருக்கும் ஒடிசாவைப் பாருங்கள். 1999 பெரும்புயலுக்குப் பிறகு பேரிடருக்கென்று தனி அமைப்பை நாட்டிலேயே முதலில் ஏற்படுத்திக்கொண்டார்கள். 2001இல் மாநிலத்துக்கே சொந்தமான மீட்புப் படையும் வந்தது. 2022 அக்டோபரில் ஒப்பந்த நியமன முறையையே கைவிடுவதாக அறிவித்து, பல துறைகளில் 57,000 பேருக்கு மேல் நிரந்தரமாக்கினார்கள். அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. முடியாத காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். இங்கே கொரோனா காலத்தில் எடுத்த ஒப்பந்த நர்சுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு போகச் சொன்னது உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பிபிஇ என்ற பாதுகாப்பு உடுப்போடு வியர்த்துக்கிடந்தவர்கள் புத்தாண்டன்று ரோட்டில் உட்கார்ந்து போராடினார்கள்.

கோர்ட்டுக்குப் போ என்பார்கள். முறையான தேர்வில்லாமல் வந்த தற்காலிக ஆட்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்ற 2006 உமாதேவி தீர்ப்பைச் சொல்லியே பலரைத் திருப்பி அனுப்பினார்கள். 2024 டிசம்பரில், மத்திய நீர் ஆணைய அலுவலகத்தில் பெருக்கித் துடைப்பது போன்ற வேலைகளைப் பார்த்துவந்தவர்கள் தொடுத்த ஜக்கோ வழக்கில், அந்தத் தீர்ப்பை நெடுநாள் உழைத்தவர்களுக்கு எதிரான ஆயுதமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்பு. ஆனால் எங்கள் விஷயத்தில் ஒரே அலுவலகம், ஒரே பதவி, ஒரே முதலாளி என்று காட்ட முடியாது. ஒவ்வொரு புயலுக்கும் ஒரு திட்டம், ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு ஏஜென்சி. இருபது வருஷ உழைப்பைக் கோர்ட்டில் அடுக்கினால் இருபது துண்டாகத்தான் நிற்கும். பி.எஃப். கணக்குகளே எனக்குப் பல எண்களில் கிடக்கின்றன. ஒன்றில் அப்பா பெயர் தப்பு. ஊர் முழுக்கப் பெயர்த் திருத்தம் செய்து கொடுத்தவளுக்கு இதை மாற்ற இன்னும் முடியவில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கடலோர வட்டாட்சியர் அலுவலகங்களில் ஒவ்வொன்றிலும் பேரிடருக்குப் பிந்தைய வேலைகளுக்கென்று ஒரே ஒரு நிரந்தரப் பணியிடம் வேண்டும். மழையில்லாத மாதங்களில் பழைய ரிட்டர்ன் லிஸ்ட்டுகளை முடிக்கவும், வாரிசு விவரங்களைத் திருத்தி வைக்கவும் அவருக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும், சும்மா உட்கார நேரமிருக்காது. அந்த இடத்துக்கு நான்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. தேர்வு வைத்து யாரையாவது போடட்டும். அடுத்தது, ஒருமுறை வேலை பார்த்தவர்களின் பெயர்களை மாவட்டத்தில் ஒரு பதிவேடாக வைத்து, அடுத்த புயலுக்கு முதலில் அவர்களைக் கூப்பிடலாம். ஒவ்வொரு தடவையும் புது ஏஜென்சி, புது டெண்டர், புது இன்டர்வியூ. தானே, கஜா இரண்டிலும் இருந்தவளிடம் போன முறை நடந்த நேர்காணலில் "உங்களுக்கு எக்செல் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும் சார் என்றேன். ஆரம்பச் சம்பளத்தில்தான் சேர்த்தார்கள், நேற்று கல்லூரி முடித்த பிள்ளைக்கும் அதே சம்பளம். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, ஒரு வாரத்தில் வேலை கற்றுக்கொண்டது. நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

இன்னொன்று, நீட்டிப்பு ஆர்டர் வரும்வரை சம்பளத்தை நிறுத்தாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில்தான் பள்ளிக் கட்டணம், புத்தகம் எல்லாம். நிவாரணப் பட்டியல் போடுகிறவர்கள் அந்த இரண்டு மாதமும் கைமாற்று வாங்கிப் பிழைக்கிறார்கள். இதற்குப் புது நிதி எதுவும் வேண்டாம், ஆர்டரை மார்ச்சிலேயே போட்டால் போதும்.

டிட்வாவில் மூழ்கிய சம்பா வயல்களின் கணக்கெடுப்பு சமயத்தில் பக்கத்துக் கிராமத்துக்குப் போயிருந்தேன், வேலையாக இல்லை, உறவினர் வீட்டுக்கு. 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருந்தால்தான் நிவாரணம் என்ற விதியைப் புதிதாக வந்த பையன் ஒருவன் வரப்பில் நின்று ஒரு பெரியம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். பாவம், அவனுக்கே சரியாகப் பிடிபடவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு பயிர் பச்சையாக நின்றாலும் அடியில் அழுகியிருக்கும், பிடுங்கி வேரைப் பார்த்துவிட்டு எழுது என்று சொன்னேன். பிடுங்கிப் பார்த்தான், கறுத்திருந்தது. "அக்கா நீங்க அக்ரி ஆபீஸா?" என்று கேட்டான். இல்லை தம்பி, முன்னாடி உன் வேலையில் இருந்தேன் என்றேன். அவனுக்கு எத்தனை மாத ஒப்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

என் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அச்சில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலத்துக்கு முன் விளம்பரம் வந்தால் நானும் விண்ணப்பம் போட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.